அலமாரியில் 640 ஆல்பம்: எதிலிருந்து தொடங்கி, எப்படி மார்க் போடுவது?

கேள்வி இது: "அப்பா சேர்த்த இசைத்தட்டுகள், கேசட்டுகள், நான் வாங்கிய சிடிக்கள் எல்லாவற்றையும் எண்ணினால் 640 வருகிறது. ஒன்றுவிடாமல் கேட்டு ஒவ்வொன்றுக்கும் மார்க் போட ஆசை. பத்துக்கா, நூறுக்கா? எந்த வரிசையில் கேட்பது? ஒரு தடவை போதுமா? பாட்டுக்குப் பாட்டு மார்க் போட்டுச் சராசரி எடுத்தால் ஆல்பத்தின் மார்க் வந்துவிடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வராது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

1985-இலிருந்து ஐந்து வருடம் கும்பகோணத்தில், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கார்டிங் கடையில் டெக் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். பிழைப்புக்காக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர் கேட்ட பாட்டைக் கேட்டேன். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் இருந்த நானூற்றுச் சொச்சத்தையும் இதே ஆசையோடு வரிசையாகக் கேட்க உட்கார்ந்தேன். மூன்று வருடம் ஆனது. அதில் முதல் ஆறு மாதம் போட்ட மார்க் எல்லாம் வீண். நீங்கள் அந்த ஆறு மாதத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு எல்பி இசைத்தட்டு பெரும்பாலும் அரைமணிக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். சி-60 கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். சிடி 74 நிமிடம்வரை கொள்ளும். சராசரி 40 நிமிடம் என்று வைத்தாலும் 640-க்கு ஏறக்குறைய 427 மணி நேரம். நாளுக்கு ஒன்று என்றால் ஒன்றேமுக்கால் வருடம், அதுவும் எதையும் இரண்டாம் தடவை கேட்காமல். காய்ச்சல், கல்யாணம், கரண்ட் கட் எல்லாம் சேர்த்தால் மூன்று வருடம் என்றே வையுங்கள். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. மூன்று வருடத்தில் உங்கள் காதும் மாறும், மனசும் மாறும். முதல் மாதம் போட்ட 7-ம் முப்பதாவது மாதம் போடும் 7-ம் ஒரே 7 ஆக இருக்க வேண்டுமே, அதுதான் இந்த வேலையின் உண்மையான சிக்கல். மற்றதெல்லாம் சில்லறை.

நூறுக்கு மார்க் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது ஆனந்த விகடன் சினிமா விமர்சனத்தின் மார்க். ஒரு படத்துக்கு 41, இன்னொன்றுக்கு 43 என்று போடுவார்கள். அந்த இரண்டு மார்க் வித்தியாசத்தை டீக்கடையில் அரைமணி நேரம் அலசுவோம். '16 வயதினிலே'வுக்கு 62.5 போட்டதை இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த அரை மார்க்குக்குக்கூட அர்த்தம் இருந்தது. காரணம், நூறு என்று பெயர் இருந்தாலும் அவர்கள் புழங்கிய இடம் குறுகலானது. ஐம்பதைத் தாண்டினாலே பெரிய விஷயம். அதோடு அது ஒரு குழு, வாராவாரம் அதே வேலையைச் செய்த குழு.

தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தக் கட்டுப்பாடு வராது. நான் நூறுக்குத்தான் தொடங்கினேன். ஆறு மாதம் கழித்துச் சந்தேகம் வந்து, முன்பு கேட்டதில் இருபது ஆல்பத்தை எடுத்து, பழைய நோட்டைப் பார்க்காமல் மறுபடி கேட்டு மார்க் போட்டேன். ஒப்பிட்டால், சராசரியாகப் பன்னிரண்டு மார்க் அங்கே இங்கே ஓடியிருந்தது. ஒன்றுக்கு 84 போட்டதற்கு இப்போது 66. நானே எனக்கு எதிர்சாட்சி. பன்னிரண்டு மார்க் தடுமாற்றம் உள்ள தராசில் 71-க்கும் 74-க்கும் என்ன வித்தியாசம்? மளிகைக்கடைத் தராசில் தங்கம் நிறுத்த கதைதான். என் காதால் நிஜமாகப் பிரித்துச் சொல்ல முடிந்த படிகள் நாலோ ஐந்தோதான் இருந்தன.

ஆகவே எண்ணை விட்டுவிட்டு நாலு அறை வைத்தேன். மறுபடி முழுசாகக் கேட்பேன். மறுபடி சில பாட்டு மட்டும் பொறுக்கிக் கேட்பேன். வேறொரு காரணத்துக்காக வைத்திருப்பேன். யாருக்காவது கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான். 'எவ்வளவு நல்லது' என்று கேட்டால் மனசு அளந்துகொண்டே இருக்கும், முடிவுக்கு வராது. 'மறுபடி இதை முழுசாகப் போடுவாயா' என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும். முதல் அறைக்குள் மட்டும், உயிரே போனாலும் தரமாட்டேன் என்கிற சிலவற்றுக்கு ஒரு நட்சத்திரம். நானூற்றுச் சொச்சத்தில் அப்படி இருபத்தாறு. உங்களுக்கு எண்தான் வேண்டும் என்றால் ஐந்துக்குப் போடுங்கள், அரை மார்க் வேண்டாம். பத்துக்குப் போட்டு 7.4 என்று எழுதுகிறவர்களிடம் 7.3 எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

இனிச் சராசரி விஷயம். இதில்தான் நம் ஊர்ச் சேகரிப்புக்கென்று தனிச் சங்கடம் இருக்கிறது.

வெளிநாட்டில் ஆல்பம் என்றால் பெரும்பாலும் ஒரு இசைக்குழு, ஒரே நினைப்பில், இந்தப் பாட்டுக்கு அடுத்து இது என்று அடுக்கித் தந்த பொருள். நம்மிடம் இருப்பதில் முக்கால்வாசி சினிமாப் பாட்டு. அங்கே ஆல்பம் என்பது ஒரு படத்துக்குத் தேவைப்பட்ட நாலு, ஐந்து, ஆறு சூழ்நிலைகள். ஒரு காதல், ஒரு குத்து, ஒரு தாலாட்டு, அதே பாட்டுக்குச் சோக வடிவம். எல்பியில் ஒரு வரிசை, கேசட்டில் வேறு வரிசை, பின்னால் வந்த சிடியில் மூன்றாவது வரிசை என்று வருவதும் உண்டு. போதாக்குறைக்கு ஒரு கேசட்டின் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம். அந்தக் கேசட்டுக்கு ஒரே மார்க் என்றால் என்ன பொருள்? இரண்டு படம் இருந்தால் அதை இரண்டு ஆல்பமாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் 640 இதனாலேயே எழுநூறைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

சரி, சராசரி எங்கே சறுக்குகிறது? 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் ஓடவில்லை. பாட்டு நாலே நாலு: 'இது ஒரு பொன்மாலைப் பொழுது', 'பூங்கதவே தாழ்திறவாய்', 'மடை திறந்து', 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்'. முதலாவது வைரமுத்துவின் முதல் சினிமாப் பாட்டு. கடைசியாகச் சொன்னது, ஜானகி பாடியது, படத்திலேயே இல்லை. நாலில் ஒன்றைக்கூடத் தள்ளிவிட முடியாது. இதைவிட அதிகமாக ஐந்து நல்ல பாட்டும், வைக்க வேண்டுமே என்று வைத்த இரண்டு பாட்டும் உள்ள வேறு ஒரு ஆல்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சராசரி போட்டால் அது கீழே போகும். நல்ல பாட்டை எண்ணினால் அது மேலே போகும். இரண்டுமே பொய். சினிமா ஆல்பத்தில் யாரும் மொத்தமாக ஒன்றை ஆக்கித்தரவில்லை, அதனால் மொத்தத்துக்கு மார்க் போடுவதைவிட, எத்தனை பாட்டைத் தள்ளினேன், எத்தனை பாட்டுக்கு ரீவைண்ட் பண்ணினேன் என்று இரண்டு எண் எழுதிவையுங்கள். '4 பாட்டு, தள்ளியது 0, திருப்பியது 2' என்று இருந்தால் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் புரியும். '8.5' என்று இருந்தால் புரியாது.

படத்தில் இல்லாத பாட்டு என்றேன். இவை இசைத்தட்டுக்காரர்களின் தனிச்சொத்து. 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' ஆல்பத்தில் வந்த 'புத்தம் புது காலை' தியேட்டரில் வரவில்லை. தட்டிலும் கேசட்டிலும் வானொலியிலும்தான் வாழ்ந்தது. 1991-இல் 'தளபதி'க்கு யேசுதாசும் ஜானகியும் பாடிய 'புத்தம் புதுப் பூப்பூத்ததோ'வும் அப்படியே. உங்கள் அப்பாவின் பெட்டியில் இப்படி எத்தனை இருக்கும் என்று தெரியாது. படத்தை வைத்து ஆல்பத்தை எடை போடாதீர்கள் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

முழு வரிசையையும் மதித்துக் கேட்க வேண்டியவை வேறு வகை. இளையராஜாவின் 1986 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாகச் செய்தது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பேசுகிறது, வாதாடுகிறது, சிரிக்கிறது. 'பாஹை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற தலைப்பில் ஒரு துண்டு, அடுத்து 'பேசிக்கொண்டிருந்தோம்' என்று ஒன்று. முதலாவதில் பாஹ் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்ற தொகுப்பின் முன்னிசை மீது நம்ம வீட்டு வயலின்கள் வந்து ஏறிக்கொள்ளும். இந்த இரண்டையும் இடம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், வந்த விருந்தாளியிடம் பேசி முடித்துவிட்டுப் பிறகு கதவைத் திறந்த மாதிரி இருக்கும். 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்', 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வந்த திருவாசகம், இவையும் இந்த வகை. இங்கே ஒரு பாட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டால் அன்றைக்கு மார்க் போடக்கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது வகை, பதிவுக்குள் அடைபட்டது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று, மூன்றரை நிமிடம். மேடையில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் நாகஸ்வரத்தில் வாசித்த ராஜரத்தினம் பிள்ளை தட்டில் அதைச் சில நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லியும் இருக்கிறார். அதையும் இரண்டு மணி நேரக் கச்சேரிக் கேசட்டையும் ஒரே பட்டியலில் மேலே கீழே வைப்பது, வெண்பாவையும் காப்பியத்தையும் நீளம் பார்த்து ஒப்பிடுவது போல. மூன்று நோட்டு போடுங்கள்: சினிமா, ஆல்பம், கச்சேரி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மார்க்கைக் கொண்டுபோகாதீர்கள்.

நாலாவதாக ஒரு வகை, உங்கள் பெட்டியில் கட்டாயம் இருக்கும்: எங்களைப் போன்ற கடைகளில் பதிந்த கேசட்டுகள். நோட்டுத்தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். முதல் பாட்டு சாமி பாட்டு, பெரும்பாலும் சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. அப்புறம் அவரவர் உலகம். கொரநாட்டுக் கருப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அரிசி மில்காரர் ஒவ்வொரு பட்டியலிலும் ஏழாவது பாட்டாக ஒரே பாட்டை எழுதுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பக்கம் திருப்பினதும் அதுதான் வரணும்" என்றார். அவருக்கு அது பி பக்கத்தின் வாசல். பக்கத்தின் கடைசியில் நாடா மிச்சம் இருந்தால் நாங்களே ஏதாவது வாத்திய இசையை நிரப்பி விடுவோம், வெற்றாக விட்டால் 'கேசட் ஃபெயில்' என்று திரும்பி வரும். இப்படிப்பட்ட கேசட்டில் மார்க் போட வேண்டியது பாட்டுக்கு அல்ல. எந்தப் பாட்டுக்குப் பிறகு எதை வைத்தார் என்று பாருங்கள். உங்கள் அப்பா எழுதிக் கொடுத்த பட்டியல் என்றால், அவர் தொகுத்த ஆல்பம் அது. வரிசையை அப்படியே நோட்டில் எழுதிவைத்துவிட்டு மார்க் பத்தியை வெறுமனே விடுங்கள்.

கதை வசனக் கேசட்டுகளையும் பட்டியலில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டு மனப்பாடமான திருவிளையாடல் வசனத்துக்கு யாரால் மார்க் போட முடியும்.

இனி, ஏமாறும் இடங்கள். மூன்று சொல்கிறேன், மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

ஒன்று, சத்தம். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவதற்குச் சத்தத்தை ஒரு துளி கூட்டி வைத்தால், கேட்பவர் 'இதுதான் தெளிவாக இருக்கு' என்பார். சத்தம் கூடியது என்று சொல்லமாட்டார். கடையில் புது ஆம்ப்ளி விற்க இது ஒன்றே போதும். 1933-இலேயே பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் அளந்து காட்டியது இது: சத்தம் குறையும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் மற்றதைவிட வேகமாகக் காணாமல் போகும். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மெதுவாக வைத்துக் கேட்ட ஆல்பம் 'பேஸ் இல்லாமல் மெலிந்து கிடக்கிறது' என்று நோட்டில் ஏறிவிடும். தப்பு உங்கள் வால்யூம் குமிழ் மீது. தொண்ணூறுகளுக்குப் பின் வந்த சிடிக்களையும் மறுபதிப்புகளையும் நிறையவே சத்தம் ஏற்றித்தான் பதித்தார்கள். பழைய சிடி பக்கத்தில் வைத்தால் பழையது தோற்கும். பாடுகிறவர் குரல் அறையில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் குரல் அளவுக்கு வரும்வரை குமிழைத் திருப்பி வையுங்கள், எல்லா ஆல்பத்துக்கும் அதே அளவு. கணினியில் கோப்பாக மாற்றிக் கேட்பதாக இருந்தால் சத்த அளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் வசதியைப் போடுங்கள். அதில் 'ட்ராக்' என்றும் 'ஆல்பம்' என்றும் இரண்டு முறை இருக்கும். 'ஆல்பம்' முறையைத்தான் எடுக்க வேண்டும். மற்றதை எடுத்தால் தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும், இசையமைப்பாளர் வைத்த மேடு பள்ளம் போய்விடும்.

நான் விழுந்த கதை: கிதாரில் ஜான் மெக்லாக்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ஆர். ராகவன் சேர்ந்து 1975 ஜூலையில் ஒரு கல்லூரியில் வாசித்து 1976-இல் வெளிவந்த சக்தி குழுவின் முதல் எல்பி. ஏ பக்கத்துக்கு மனம்விட்டு எழுதினேன். பி பக்கம் ஒரே உருப்படி, 29 நிமிடம். 'சோர்வாக இருக்கிறது' என்று எழுதி இரண்டாம் அறைக்குத் தள்ளிவிட்டேன். சோர்ந்தது வாசித்தவர்கள் அல்ல. தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரத்தை அடைக்க வேண்டுமானால் வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும், நெருக்கினால் சத்தத்தைக் குறைத்துத்தான் பதிக்க முடியும். பக்கம் திருப்பியதும் நான் குமிழைத் தொடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஒரு வருடம் கழித்துச் சிடியில் கேட்டபோது விக்குவின் கடம் என்னைப் பார்த்துச் சிரித்தது. இன்றைக்கு அது நட்சத்திர வரிசையில் இருக்கிறது.

இரண்டு, தேய்மானம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆரம்பத்திலும் முடிவிலும் அதே வேகம். ஆனால் வெளிவிளிம்பில் ஒரு சுற்று பெரியது, லேபிள் பக்கத்தில் சிறியது. ஊசிக்கு அடியில் வினாடிக்கு அரை மீட்டர் ஓடிய வரி, பக்கம் முடியும்போது இருபது சென்டிமீட்டர் சொச்சம்தான் ஓடும். அதே பாட்டை பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதிய மாதிரி. அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஷ' எல்லாம் கரகரக்கும். ஊசி தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். கடைசிப் பாட்டைப் பாடியவர் மீது பழி போடாதீர்கள். கேசட்டில் வேறு மாதிரி. சுற்றியே கிடந்த நாடாவில் பக்கத்துச் சுற்றின் காந்தம் ஒட்டிக்கொண்டு, பாட்டு தொடங்கும் முன்னால் அதன் ஆவி மெதுவாகக் கேட்கும். சி-90 நாடா சி-60-ஐவிட மெல்லியது, சி-120 அதைவிட. கடையில் சி-120 கேட்டு வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வோம், கார் பிளேயருக்குள் போனால் நூடுல்ஸ் ஆகித்தான் வெளியே வரும்.

பத்து வருடம் தொடாத கேசட்டை எடுத்த உடனே பிளே அழுத்தாதீர்கள். கண்ணாடி வழியே பாருங்கள், வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தனியே வையுங்கள், ஒன்றிலிருந்து பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்குப் போய் மற்றதுக்கும் பரவும். பூஞ்சை இல்லாததை ஒருமுறை முழுசாக முன்னும் பின்னும் ஓட்டி நாடாவைத் தளர்த்திவிட்டுப் பிறகு கேளுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் மங்கி வரும், பாட்டு மங்கியதாக எழுதிவிடாதீர்கள். பத்துக் கேசட்டுக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் கொலோன் போட்டோம், அது வேறு கதை. நோட்டில் 'பதிவு நிலை' என்று தனிப் பத்தி வைத்து 'கரகர', 'மங்கல்', 'நல்லது' என்று எழுதினால் இசைக்கான தீர்ப்பு அழுக்காகாது.

மூன்று, வரிசையும் பழக்கமும். பிரஸ்ஸல்ஸில் பெல்ஜிய ராணி எலிசபெத் பெயரில் ஒரு புகழ்பெற்ற இசைப்போட்டி நடக்கிறது. இறுதிச்சுற்றில் பன்னிரண்டு பேர், ஒரு மாலைக்கு இருவர், ஆறு நாள். யார் எந்த நாள் என்பது சீட்டில் விழுவது. ஃப்ளோரஸ், கின்ஸ்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல ஆண்டு முடிவுகளை வைத்து 1996-இல் வெளியிட்டது: முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்கினார்கள், பிந்திய நாட்களில் வாசித்தவர்கள் முந்தினார்கள். காது பழுத்த நடுவர்களுக்கே இந்த நிலைமை. ஆரம்பத்தில் கையை இறுக்கிப் பிடிப்போம், 'இதைவிட நல்லது வருமே' என்று. போகப் போக கை தளரும். ஆகவே அகர வரிசை வேண்டாம், ஆண்டு வரிசை வேண்டாம், ஒரே இசையமைப்பாளரை வரிசையாகக் கேட்பது வேண்டவே வேண்டாம் (ஒரு மாதம் ஒருவரையே கேட்டால் அவருடைய நல்ல பழக்கங்களும் எரிச்சலாகிவிடும், நான் யார் விஷயத்தில் இதைச் செய்தேன் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்). 640-க்கும் எண் எழுதிச் சீட்டு மடித்து ஒரு பானையில் போடுங்கள். கையில் வந்தது இன்றைக்கு. முதல் இருபத்தைந்துக்குப் போட்ட தீர்ப்பைப் பென்சிலால் எழுதி, எல்லாம் முடிந்த பிறகு அவற்றைத் திரும்பக் கேளுங்கள்.

பழக்கம் இதைவிடப் பொல்லாதது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அது பிடித்துப்போகும் என்று 1968-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். அதற்கு ஆய்வே வேண்டாம், இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நேயர் விருப்பத்தில் வருடக்கணக்கில் வந்த பாட்டு ஏற்கெனவே நூறு தடவை கேட்ட அனுகூலத்தோடு உங்கள் முன் நிற்கிறது. கேள்விப்படாத ஆல்பம் முதல் தடவையாக வெறுங்கையோடு வந்து நிற்கிறது. இரண்டுக்கும் ஒரு தடவை என்பது நியாயமில்லை. நான் வைத்த விதி: தெரிந்த ஆல்பத்துக்கு ஒரு தடவை. தெரியாததற்கு மூன்று தடவை, நடுவில் குறைந்தது மூன்று நாள் இடைவெளி, மூன்றாவது முடிந்த பிறகே தீர்ப்பு. முதல் தடவையே பிடித்துப்போனதில் பாதி மூன்றாவது தடவை சாயம் போயிற்று. முதலில் முகம் கொடுக்காதவற்றில் சில இப்போது நட்சத்திரம்.

எப்படிக் கேட்பது என்றும் ஒரு வார்த்தை. சமைத்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்டது கணக்கில் வராது. ஹெட்ஃபோனா, ஸ்பீக்கர் பாக்ஸா என்றால், ஏதோ ஒன்று, ஆனால் கடைசிவரை அதுவே. ஹெட்ஃபோனில் சில பாட்டு வேறு உருவம் எடுக்கும். 1993-இல் வந்த 'திருடா திருடா'வில் சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' வாத்தியமே இல்லாமல் குரல்களால் மட்டும் கட்டியது. பாக்ஸில் அது ஒரு பாட்டு, ஹெட்ஃபோனில் அந்தக் குரல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்த மாதிரி. முடிந்ததும் உடனே எழுதாதீர்கள். மறுநாள் காலை, எது தானாக வாயில் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு வரி போதும். என் நோட்டில் மிகவும் உதவுகிற வரிகள் 'மூன்றாவது பாட்டின் இரண்டாவது இடையிசைக்காக மட்டும் வைத்திருக்கிறேன்' என்கிற மாதிரியானவை. 'அருமை' என்று எழுதிய இடமெல்லாம் இப்போது எதற்கும் ஆகவில்லை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: ஒரே ஆல்பம் எல்பியாகவும் கேசட்டாகவும் சிடியாகவும் இருந்தால்? மார்க் ஒன்றுதான், பிரதி எத்தனை இருந்தாலும். எந்தப் பிரதியில் கேட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்துவிடுவதாக இருந்தால் கடைசி அறைக்குப் போனதையும் ஒரு வருடம் கட்டிவைத்துவிட்டுக் கொடுங்கள், எனக்கு அதிலிருந்து ஏழு திரும்பி வந்தன. அப்பாவின் பெட்டியில் கனமாக, கீழே விழுந்தால் உடையும் 78 தட்டுகள் இருந்தால் அவற்றை எல்பி ஊசியில் வைக்கவே வேண்டாம். அதன் வரி அகலம், ஊசி வேறு. அந்த ஊசி கிடைக்கும்வரை, ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள்.